பின் படிக்கட்டில் ரெண்டு பேர்

கடலூர்–புதுச்சேரி தடத்தில் ஓடும் தனியார் பேருந்து ஒன்றில் தணிகாசலம் கண்டக்டர். வயது இருபத்தொன்பது. ஒரு நாள் டூட்டி, மறுநாள் ஓய்வு. வீடு தவளக்குப்பம் சந்திப்பிலிருந்து உள்ளே பிரிகிற சாலையில். தினமும் அந்தப் பேருந்தில்தான் நான் வேலைக்குப் போய்வந்தேன். கடைசி இருக்கையில் உட்கார்ந்தால் பேருந்து முழுக்கப் பின்தலைகளாகத் தெரியும். எனக்கு அவை வெறும் தலைகள். அவருக்கு ஒவ்வொன்றும் ஒரு நிறுத்தம்.

"மஞ்சச் சட்ட! அரியாங்குப்பம்னுதானே சொன்ன? எழுந்திரு, பாலம் வந்துருச்சு."

"தூங்கிட்டேண்ணே."

"நீ தூங்கலாம். நான் தூங்கக் கூடாது, இல்ல?"

யார் எங்கே ஏறினார், எங்கே இறங்க வேண்டும், யார் இன்னும் சீட்டு வாங்கவில்லை என்பதெல்லாம் எண்பது பேர் நெருக்கியடிக்கும் வண்டியிலும் அவருக்குத் தெரியும். இதை அவர் திறமை என்று நினைத்ததே இல்லை. கண்டக்டர் என்றால் அப்படித்தான் என்று நினைத்தார்.

அது திறமைதான் என்று அவருக்குத் தெரியவந்தது 2007 மழைக்காலத்தில். பேருந்து நிலையத்தருகே வண்டி பழுதாகி நின்றுவிட்டது. மெக்கானிக் வரும்வரை எதிரே இருந்த ஒரு கேமிங் சென்டரில் ஒதுங்கினார். பையன்கள் சி.எஸ். என்ற கம்ப்யூட்டர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், கையில் துப்பாக்கி, சந்துசந்தாக ஓர் ஊர். ஒரு பையனின் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்:

"தம்பி, அந்த நீலக் கதவுக்குள்ள ஒருத்தன் போனான். இன்னும் வெளிய வரல."

பையன் கதவைப் பார்த்துச் சுட்டான். உள்ளே ஒருவன் விழுந்தான். பையன் திரும்பி அவருடைய காக்கிச் சட்டையை மேலும் கீழுமாகப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க ஆடுவீங்களா?"

"சேச்சே" என்று சொல்லிவிட்டு மழையிலேயே வெளியே வந்துவிட்டார். ஆனால் அடுத்த நடை முழுவதும் விசிலைத் தப்பான இடங்களில் ஊதினார் என்று டிரைவர் குறைப்பட்டுக்கொண்டார்.

பையன்கள் நடுவில் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ள அவருக்குக் கூச்சம். வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் கட்டுவது என்று முடிவு செய்தார். கட்டுவது என்றுதான் சொல்வார், வீடு கட்டுவதைப் போல. மொத்தமாக வாங்க வழியில்லை. ஒவ்வொரு சாமானாக வந்தது. முதலில் வந்தது கேபினெட் என்கிற வெளிப்பெட்டி. உள்ளே வைக்க ஒன்றுமில்லாமல் இரண்டு மாதம் அது சமையலறையில் நின்றது. பக்கவாட்டில் காற்றுத்துளைகள் இருந்ததால் அவர் மனைவி அமிர்தவல்லி அதில் வெங்காயம் போட்டு வைத்தாள்.

"இதுல வெச்சா அழுவவே மாட்டேங்குது. இன்னொண்ணு வாங்கியா, உருளைக்கெழங்குக்கு."

பிறகு மதர்போர்டு வந்தது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வேறொரு பேருந்தின் கண்டக்டர் மடியில் வைத்து எடுத்துவந்தார். மூடப்பட்ட ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து குண்டு மானிட்டர் கிடைத்தது. யாரோ இரண்டு வருடம் ஆடிச் சலித்த கிராபிக்ஸ் கார்டு. அதன் விசிறி சுற்றும்போது தையல் மெஷின் ஓடுகிற சத்தம் வரும்.

எல்லாவற்றையும் பூட்டிக்கொடுத்தவன் டோனி. நெல்லித்தோப்பில் வீடுவீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். கேபினெட்டைத் திறந்ததும் ஒரு வெங்காயத் தோலை விரலால் எடுத்துக் காட்டினான்.

"அண்ணே, இது எந்தக் கம்பெனி பார்ட்டு?"

கடைசியாகக் கீபோர்டு பாக்கி. டோனியின் அக்கா துலூஸில் இருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து விட்டுப்போன பழைய கீபோர்டு ஒன்று சும்மா கிடந்தது. "பிரான்சு சாமான், எங்க அக்கா சூப்பைக் கொட்டியும் சாகல" என்று அதையே மாட்டினான். எழுத்துகள் சரியாக விழ வேண்டும் என்பதற்காகக் கம்ப்யூட்டருக்குள்ளும் பிரெஞ்சுக் கீபோர்டு என்று குறித்து வைத்தான். டோனிக்குப் பழுதுபார்க்கத் தெரியும். விளையாடத் தெரியாது.

எப்படி ஆடுவது என்பதைப் பேருந்தில் வரும் ஒரு பாலிடெக்னிக் மாணவன் சொல்லிக்கொடுத்தான். கிழித்த சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தான்: டபிள்யூ முன்னே, எஸ் பின்னே, ஏ இடம், டி வலம். தணிகாசலம் அந்தச் சீட்டை மானிட்டரின் ஓரத்தில் ஒட்டினார். சீட்டில் எழுதியிருந்தால் அவருக்கு அது சட்டம். எழுத்தைத் தேடினார், விரலை வைத்தார், பழகினார்.

ஆறே மாதத்தில் தேறிவிட்டார். பிராட்பேண்டு இணைப்பில் காலை எட்டு மணிவரை எவ்வளவு இழுத்தாலும் கூடுதல் கட்டணம் கிடையாது. அதனால் ஓய்வு நாள்களில் ஐந்து மணிக்கு எழுந்து ஆடுவார். காதில் ஹெட்செட், வாயருகே மைக். பக்கத்து வீட்டு ஆட்களுக்குக் கேட்பது இதுதான்:

"உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கெடக்குது! ஓல்டேன் ஓல்டேன், நிறுத்து! பின் படிக்கட்டுல ரெண்டு பேரு! ஆங், ரைட்டு!"

"டூட்டிக்கே போயிடலாம். சட்டையாவது போட்டுட்டுப் பேசுவ" என்பாள் அமிர்தவல்லி. ஆனால் ஏழே முக்காலுக்கு அவளே வந்து, "எத்தினி பேரு பாக்கி?" என்று விசாரிப்பாள்.

இணையத்தில் அவர் பெயர் 'ரைட்'. அதே நேரத்தில் ஆட வரும் புதுச்சேரிப் பையன்கள் நான்கு பேர் அவருடன் சேர்ந்துகொண்டார்கள். அவர்களின் தலைவன் கலைவாணன், பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. ரைட் தங்களைப் போல ஒரு மாணவன் என்று நினைத்து, 'மச்சி', 'டா' என்றுதான் பேசினார்கள். அவரும் திருத்தவில்லை. அவரை 'டா' போட்டுக் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

2008 ஆவணியில், பந்தயங்களுக்கு அவர்கள் வைத்திருந்த ஐந்தாவது ஆள் வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை கடலூர் அணியோடு பந்தயம். காமராஜர் சாலையில் ஒரு மாடி சென்டரில் இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஆட வேண்டும், அவர்கள் கடலூரிலிருந்து இணையத்தில் ஆடுவார்கள். கலைவாணன் மைக்கில் சொன்னான்:

"மச்சி, நீ வாடா. ஞாயித்துக்கெழம நல்லா ஆடிட்டேன்னா அஞ்சாவது சீட்டு உனக்குத்தான், பெர்மனென்ட்டு."

மறுநாள் பேருந்தில் என் பக்கத்தில் வந்து நின்று தணிகாசலம் இதைச் சொன்னார். சிறு வயதில் ஊர்க் கிரிக்கெட்டில் அவரை எந்த அணியிலும் சேர்த்ததில்லையாம். கிணற்றில் விழுந்த பந்தை எடுக்க மட்டும் கூப்பிடுவார்களாம். "அஞ்சு பேர்ல ஒருத்தன் தம்பி" என்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். தனியாகப் போகத் தயக்கம். என்னைத் துணைக்கு அழைத்தார். பேசத் தெரியாத எனக்கு, துணைக்குப் போவது மட்டும் நன்றாக வரும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடிப்படி ஏறினோம். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஹெட்செட் வைத்த மஞ்சள் பை. கலைவாணன் எழுந்து நின்றான்.

"யாரப் பாக்கணும் அண்ணே?"

"நான்தான் ரைட்டு."

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெரின் என்ற ஒல்லிப் பையன் மெல்லச் சொன்னான்: "டேய், முந்தாநேத்து இவரப் போயி எரும மாடுன்னு திட்டுனேன்டா."

"பரவால்ல தம்பி, டூட்டியில அதவிட மோசமா கேட்டிருக்கேன்" என்றார் தணிகாசலம். சிரிப்பு வெடித்தது. ஐந்தாவது நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

ஆட்டம் தொடங்கியது. முப்பது சுற்று, பதினாறு எடுத்தவர்கள் வென்றவர்கள். மணி அடித்ததும் நான்கு பேர் சந்துகளில் பாய்ந்தார்கள். தணிகாசலம் நின்ற இடத்திலேயே நின்றார். துப்பாக்கியை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார். மறுபடி கத்தி. அதற்குள் ஒருவன் வந்து சுட்டுவிட்டுப் போனான்.

"அண்ணே, என்னா பண்றீங்க? வெங்காயமா அரியிறீங்க?"

"போவ மாட்டேங்குது தம்பி!"

இரண்டாவது சுற்றிலும் அதேதான். மூன்றாவதில் பின்னால் மட்டும் நடந்து ஒரு சுவரில் முட்டி நின்றார். "சுவத்துக்கு டிக்கெட்டு போடுறாரு" என்று யாரோ சொன்னார்கள். இந்த முறை சிரிப்பு பெரிதாக இல்லை. ஐந்துக்குப் பூஜ்யம். கடலூர்க்காரர்கள் திரையில் சிரிக்கிற முகங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கலைவாணன் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டான். ஐந்து நிமிடம் கிடைத்தது. நெட்டைப் பையன் ஒருவன் வாசலருகே காத்திருந்தான், மாற்று ஆள். கலைவாணன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணே, பரவால்ல. புது எடம், பதட்டமா இருக்கும். இவன் உக்காரட்டும், நீங்க இன்னொரு நாளைக்கு..."

தணிகாசலம் எழுந்துவிட்டார். ஹெட்செட்டைக் கழற்றினார். மேசையை விட்டு நகரும்போதுதான் முதல்முறையாகக் கீபோர்டைக் குனிந்து பார்த்தார். பேருந்தில் ஒரு தலை குறைந்தால் அவர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"தம்பி. டபிள்யூ ஏன் மேல ஏறிக் குந்தியிருக்கு?"

"எது?"

"டபிள்யூ. அது கீழ் வரிசைல இருக்கணும். ஏ மேல இருக்கணும். இங்க எல்லாம் எடம் மாறிக் கெடக்குது."

"உலகம் பூரா இப்படித்தாண்ணே இருக்கும்."

"எங்க வூட்ல இல்லையே."

கலைவாணனுக்குப் புரியவில்லை. "வீட்ல எப்படிக் கை வெப்பீங்க, காட்டுங்க" என்றான். தணிகாசலம் காட்டினார். சுண்டுவிரல் மேலே ஏறி, கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் மடங்கிக் கீழ் வரிசையைத் தொட்டு, நடுவிரலும் ஆள்காட்டியும் விரிந்து, கை நண்டு மாதிரி நின்றது. பையன்கள் சுற்றிக் கூடினார்கள். மெரின்தான் முதலில் கத்தினான். அவன் சித்தப்பா பிரான்சில் இருந்தார்.

"டேய்! இது பிரெஞ்சு கீபோர்டுடா! எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு. அதுல டபிள்யூ கீழ, ஏ மேல!"

"அப்ப இவரு இத்தன நாளா... இந்தக் கையை வெச்சுக்கிட்டா நம்மளோட ஆடுனாரு?"

"முன்ன போறதுக்குக் கீழ அமுக்கி, எடப்பக்கம் போறதுக்கு மேல அமுக்கி!"

"நாம நேரா வெச்சிக்கினே தினமும் சாவுறோம்டா!"

தணிகாசலம் இன்னும் அந்த நண்டுக் கையை எடுக்காமல் நின்றார். தப்பு செய்தவரின் முகம். "சீட்டுல எழுதியிருந்தபடிதான் தம்பி செஞ்சேன்" என்றார். கலைவாணன் நாற்காலியைத் திருப்பி அவரை உட்கார வைத்தான். ஆட்டத்தின் உள்ளே போய், முன்னே போகிற வேலையைக் கீழ் வரிசை முதல் எழுத்துக்கும், இடப்பக்கம் போகிற வேலையை, அதுவரை துப்பாக்கியையும் கத்தியையும் மாற்றிக்கொண்டிருந்த மேல் வரிசை முதல் எழுத்துக்கும் மாற்றினான். இரண்டு நிமிட வேலை.

"இப்ப உங்க வூட்டுக் கீபோர்டுண்ணே. போங்க."

ஆறாவது சுற்றில் அவர் நடந்தார். ஏழாவதில் ஓடினார். எட்டாவதில் மைக்கில் அந்தக் குரல் வந்துவிட்டது.

"உள்ள போ, உள்ள போ! மெரினு, படியில நிக்காத! பின்னாடி ரெண்டு பேரு ஏறிட்டான், ஓல்டேன்... ரைட்டு!"

அவர் சுட்டது கொஞ்சம்தான். ஆனால் எதிரிகள் ஐந்து பேரும் அவருக்குப் பயணிகள் ஆகிவிட்டார்கள். யார் எந்தச் சந்தில் நுழைந்தான், எவன் இன்னும் வெளியே வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பையன்கள் அவர் காட்டிய பக்கம் திரும்பிச் சுட்டார்கள். பத்துக்கு ஏழு, பன்னிரண்டுக்குப் பத்து என்று நெருங்கி, பதினைந்துக்குப் பதினான்கில் இவர்கள் முன்னால் வந்து நின்றார்கள்.

முப்பதாவது சுற்றில் இங்கே கலைவாணனும் அவரும் மட்டும் மிச்சம். அங்கே ஒருவன். கலைவாணன் பாலத்தை நோக்கி ஓடினான்.

"தம்பி, ஓல்டேன்! அங்க இல்ல."

"காலடிச் சத்தம் கேட்டுச்சுண்ணே!"

"அது முன்ன கேட்டது, அவன் செத்துட்டான். இவன் ஆரம்பத்துல மரப்பெட்டிகிட்ட ஏறுனவன். இன்னும் எறங்கல."

கலைவாணன் ஒரு கணம் தயங்கினான். பிறகு திரும்பினான். மரப்பெட்டிக்குப் பின்னால் ஒருவன் பாலத்தையே குறிபார்த்து முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான்.

அடுத்து எழுந்த கூச்சலில் கீழே காய்கறி வண்டிக்காரர் மாடியை அண்ணாந்து பார்த்தார். நானும் கத்தினேன் என்பது தொண்டை வலித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மெரின் தணிகாசலத்தின் தலையைக் கலைத்துவிட்டு, உடனே "சாரிண்ணே" என்றான்.

கலைவாணனின் செல்போன் அடித்தது. கடலூர் அணியின் தலைவன். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"யார்ரா உங்க அஞ்சாவது ஆளு? மொதல்ல மரம் மாதிரி நின்னான், அப்புறம் எங்க ஒளிஞ்சாலும் கண்டுபுடிக்கிறான்."

"கண்டக்டருடா."

"என்னாடா பட்டப்பேரு இது?"

"பட்டப்பேரு இல்ல. நெசமாவே கண்டக்டரு."

தணிகாசலம் போனருகே குனிந்தார். "வணக்கம் தம்பி."

அந்தப் பக்கத்துக் குரல் சட்டென்று இறங்கியது. "அண்ணே... இந்தக் கொரலு... படியில தொங்குனேன்னு என்னையக் கன்னியக்கோயில்ல எறக்கி உட்டது நீங்கதானா?"

"தொங்குனா எறக்கித்தான் உடுவேன்."

கடலூரிலும் சிரித்தார்கள், இங்கேயும் சிரித்தார்கள். அவன் மறுபடி வந்தான்: "சரிடா, இன்னொரு ஆட்டம் சும்மா போடலாம். ஆனா இந்த வாட்டி கண்டக்டரு எங்க பக்கம்."

"தர மாட்டோம்."

"ஒரே ஒரு ஆட்டம்டா!"

"வேணும்னா மெரின எடுத்துக்க. இன்னும் ஒருத்தனையும் சேத்து எடுத்துக்க. அண்ணனக் குடுக்க மாட்டோம்."

"டேய், என்னையக் கேக்காம குடுக்குறியேடா!" என்றான் மெரின்.

"நாங்கதான்டா அவரு பஸ்ல தெனம் வர்றோம். எங்களுக்குத்தான் உரிமை!" என்றான் கடலூர்த் தலைவன்.

"உரிமையா? அஞ்சாவது சீட்டு பெர்மனென்ட்டுன்னு நான் அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்!"

இரண்டு ஊருக்கும் சண்டை வளர்ந்துகொண்டே போனது. தணிகாசலம் அதை விலக்கவில்லை. ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, ஒரு சொல்லும் தப்பிவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.