குலுக்கலில் விழுந்த தட்டு

சுந்தரேசனைப் பற்றிப் பேச எனக்கு முழுத் தகுதி உண்டு. அரிமளம் போஸ்ட் ஆபீசில் அவர் கவுண்ட்டரில் இருந்தார், நான் போஸ்ட்மேன். பதினாறு வருஷம் ஒரு நாள் விடாமல் அவரிடம் செஸ் கதை கேட்டவன். குதிரை எப்படி நகரும் என்பது எனக்கு இன்னும் தெரியாது. கேட்டால் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார் என்ற பயத்தில் கேட்டதில்லை.

2013-இல் சென்னையில் உலக செஸ் பட்டத்துக்கான போட்டி நடந்தது. பன்னிரண்டு ஆட்டம் என்று மொத்தமாக லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார். பத்தாவது ஆட்டத்திலேயே முடிந்துவிட்டது. நம்ம ஆள் தோற்ற துக்கத்தில் ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஆனால் சூட்கேஸ் நிறையச் சாமான் கொண்டுவந்திருந்தார். நுழைவுச் சீட்டுகள், ஆட்ட நகர்வுகள் அச்சடித்த தாள்கள், ஒரு போஸ்டர், வாசலில் டீ குடித்த காகிதக் கப் உட்பட. முத்திரையில் தேதி விழ வேண்டும் என்பதற்காக, போட்டி நடந்த ஒவ்வொரு நாளும் தனக்குத்தானே ஒரு போஸ்ட்கார்டு வேறு போட்டிருந்தார். அத்தனையையும் வெயிலில் சைக்கிள் மிதித்து அவர் வீட்டில் கொடுத்தவன் நான்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. நடுவில் செஸ் பலகையும் போட்டியின் பெயரும் பொறித்தது. அதைப் பாலித்தீன் உறையோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். பன்னிரண்டு வருஷமாக அதன்மேல் யார் விரலும் பட விட்டதில்லை.

போன மாதம் புதுக்கோட்டையிலிருந்து ரகுநாத் என்பவர் போன் செய்தார். அங்கே ஒரு செஸ் கிளப்பின் செயலாளர். "சார், ஞாயித்துக்கிழமை ஓப்பன் டோர்னமெண்ட் வச்சிருக்கோம். ஒங்க சாமானையெல்லாம் ஒரு டேபிள்ல வைங்களேன், எல்லாரும் பாக்கட்டும்" என்றார். இத்தனை வருஷத்தில் அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். சுந்தரேசன் இந்தச் சேதியை ஒரே நாளில் என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

சனிக்கிழமை மூட்டை கட்ட ஒத்தாசைக்குப் போனேன். அவர் மனைவி சிவகாமி ஆச்சி, முகமெல்லாம் சிரிப்பாக, தட்டை எடுத்து வந்து நீட்டினார். விளிம்பில் புதிதாக மெஷினில் வெட்டிய எழுத்து மின்னியது: 'சுந்தரேசன், அரிமளம். செஸ்ஸில் ஜெயித்தது, 2013.'

"வீட்டை விட்டு வெளிய போற பாத்திரத்துக்குப் பேரு வெட்டாம குடுப்பாங்களா? அங்கிட்டு எதாவது மாறிப் போனா யாருகிட்ட போயிக் கேக்குறது?" என்றார் ஆச்சி. ஒரு கரண்டியைக்கூடப் பெயர் வெட்டாமல் கல்யாண வீட்டுக்கு அனுப்பாத குடும்பம். அவர் சொன்னதில் தப்பில்லை.

சுந்தரேசன் முகம் செத்துவிட்டது. அரும்பொருள் பாழாகிவிட்டதே என்ற வருத்தம் என்றுதான் நினைத்தேன். அது இல்லை.

"நான் ஜெயிக்கல, சிவகாமி. வாசல்ல ஒரு பாத்திரக் கம்பெனிக்காரன் ஸ்டால் போட்டிருந்தான். குலுக்கல்ல விழுந்துச்சு."

"கொண்டுவந்த அன்னிக்கே ஜெயிச்சதான்னு கேட்டேனே. தலையாட்டுனீங்களே."

"ஆட்டிட்டேன்."

"சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லி வச்சிருக்கேனே."

சண்டை வரப்போகிறது என்று நான் செருப்பைத் தேடினேன். ஆச்சி நீட்டிய தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "நாளைக்கு அங்க யாரு வேணாலும் ஆடலாமா?"

"ஆடலாம்."

"அப்ப ஆடுங்க. வெட்டுன எழுத்தை அழிக்க முடியாது. ஒரு ஆட்டமாச்சும் ஜெயிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் தட்டு எங்கிட்ட இருக்கட்டும்."

வாழ்நாளெல்லாம் வேடிக்கை பார்த்த மனுஷன், ஒரு டோர்னமெண்டில்கூட உட்கார்ந்ததில்லை. மறுநாள் முதல் ஆட்டத்தில் கீரமங்கலத்திலிருந்து வந்த இனியா என்ற எட்டு வயசுப் பெண் கால் மணி நேரத்தில் அவரை முடித்துவிட்டு, "ராணிய அவ்வளவு சீக்கிரம் வெளிய எடுக்காதீங்க, தாத்தா" என்று புத்தியும் சொன்னாள். வரிசையாக ஐந்து தோல்வி. அவர் சாமானைப் பரப்பியிருந்த டேபிளில் நல்ல கூட்டம். விளக்கம் சொல்ல வேண்டியவர் உள்ளே உதை வாங்கிக்கொண்டிருந்ததால், குதிரை நகர்வது தெரியாத நான் நின்று போஸ்ட்கார்டுகளுக்கு விளக்கம் சொன்னேன்.

ஆறாவதுதான் கடைசி ஆட்டம். ஒரே புள்ளியில் இருப்பவர்களைத்தான் ஜோடி சேர்ப்பார்களாம். எதிரே வந்தவர் மரியசெல்வம், ஆலங்குடி வாத்தியார், அவரும் ஐந்தும் தோற்றவர். ஒரு மணி நேரம் கழித்து மரியசெல்வம் சிரித்துக்கொண்டே கை நீட்டியபோதுதான் யார் ஜெயித்தார்கள் என்பது எனக்குப் புரிந்தது. சுந்தரேசன் அந்தக் கையை விடவே இல்லை. வெளியே வந்து போனை எடுத்தார்.

"சிவகாமி, ஜெயிச்சுட்டேன்."

"சத்தமாச் சொல்லுங்க, பக்கத்து வீட்டுல எல்லாரும் நிக்கிறாங்க."

சத்தமாகச் சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான், அதிலென்ன வெட்கம்?

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பாலித்தீன் உறை குப்பைக் கூடையில் கிடக்கிறது. தட்டைத் தேய்த்துக் கழுவி, அதில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வைத்துக் கூடத்தில் காத்திருக்கிறார் ஆச்சி. சுந்தரேசன் ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் உட்கார்ந்து, செஸ் பலகையின் மேல் வழிந்த சட்னியைப் பணியாரத்தால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார்.

"வருஷம் மட்டும் தப்பா இருக்கு" என்றார்.

"சாப்பிடுங்க" என்றார் ஆச்சி.

அதற்குப் பிறகு தட்டு பீரோவுக்குப் போகவில்லை. இப்போது மூன்று வேளையும் அவர் சாப்பிடுவது அதில்தான்.