வால் நுனியில் பழுப்பு ரோமம்

அவள் பல்செட் செய்பவள். மெழுகில் பல் அடுக்கிப் பழகிய கண்ணுக்கு மயிரிழை வித்தியாசமும் தப்பாது. ஆனால் பயந்த சுபாவம். லிஃப்டில் தனியாக ஏற மாட்டாள். ஃபோன் அடித்தால் எடுக்கவே தயங்குவாள். "பயத்தை மொத்த வியாபாரத்துல எடுத்திருக்கா" என்று கேலி செய்வான் அவள் கணவன், லாரி டிரைவர்.

அந்துப்பூச்சியிடம் மட்டும் அவளுக்குப் பயமில்லை. கோடையில் தோட்டத்தில் விளக்குப் பொறி வைப்பாள். ஒரு மரப்பெட்டி, மேலே பல்பு, உள்ளே பூச்சிகள் ஒண்டிக்கொள்ள முட்டை அட்டைகள். விடிந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்து, படப்புத்தகத்தில் பெயர் தேடிவிட்டு, செடிகளுக்குள் விட்டுவிடுவாள்.

அன்று அவள் குளிக்கப் போயிருந்தபோது, உதவி செய்கிறேன் பேர்வழி என்று அவன் பெட்டியைத் திறந்து அட்டைகளை உதறிவிட்டான். அவள் வந்து பார்த்தால், அவன் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. மூச்சு விசிலடித்தது.

"குளவி... கொட்டிருச்சு போல..."

ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டாள். வண்டி கிளம்பியது. லைனில் இருந்த நர்ஸ் கேட்டாள்: "நிஜமாவே குளவியா? பெட்டியில வேற என்ன இருக்கு, பாத்துச் சொல்லுங்கம்மா."

தினமும் கைவிட்ட பெட்டிதான். இன்று இரண்டடி தள்ளி நின்றே எட்டிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு குளவி ஊர்ந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு வெள்ளை அந்து. புத்தகத்தில் இதே போல இரண்டு உண்டு. ஒன்று சாது. இன்னொன்றின் ரோமம் மூச்சில் போனால் ஆபத்து. இறக்கை மூடியிருக்கும்போது இரண்டும் ஒன்றுதான். கண்ணாடி டம்ளரை அந்தின் மேல் கவிழ்த்து விரலால் தட்டினாள். அது வாலைத் தூக்கியது. நுனியில் கொத்தாகப் பழுப்பு ரோமம். அந்த ஆபத்தானதேதான்.

"சிஸ்டர், குளவி கொட்டல. ரோமம்... ரோமம் உள்ள போயிருக்கு!"

"தேய்க்க விடாதீங்க. சட்டையக் கழட்டுங்க. செலோடேப்ப ஒட்டி ஒட்டி உரிங்க."

உரித்தாள். அவசரத்தில் டேப் விரலிலேயே சுற்றிக்கொண்டது. அவன் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தான், வார்த்தை வரவில்லை. உதடு நீலம் பாரித்தது. "என்னைப் பாருங்க, என்னையே பாருங்க" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

வண்டி வந்தது. முகமூடி போட்டு மருந்துப் புகை கொடுத்தார்கள். சாயங்காலம்தான் மூச்சு சீரானது.

அந்தக் கோடையில் அவள் மறுபடி விளக்குப் போடவில்லை. அடுத்த வருஷம் போட்டாள், கையுறையும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு. அவனை வீட்டுக்குள் அனுப்பி ஜன்னலைச் சாத்திவிடுவாள். ஒவ்வொரு அட்டைக்கும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் தெரியாவிட்டால், அட்டையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடுவாள்.