மூன்று ரூபாய்ப் பொய்மீன்

மூன்றாவது சனிக்கிழமையாக இன்றும் மணக்குடிக் காயலிலிருந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

தூண்டிலில் கட்ட, சீமையிலிருந்து தபாலில் தருவித்த தகரப் பொய்மீன் என்னுடையது. வெள்ளி முலாம், சிவப்புக் கண். விலை மூன்று ரூபாய். இழுத்தால் உயிருள்ள மீன் போலவே நெளியும்.

பக்கத்தில் நின்ற கட்டுமரக்காரர் தூண்டில் முள்ளில் வெள்ளைச் சேவல் இறகைக் கட்டி எறிந்துகொண்டிருந்தார். அவர் காலடியில் இரண்டு கொடுவா மீன்கள் கிடந்தன. என் பொய்மீனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல சாதனம் சாரே. பின்ன ஏன் வெட்டவெளியிலயே எறியுதிய? மீனு அந்தத் தாழம்வேருக்குள்ளல்லா கெடக்கு."

"வேருல மாட்டி அறுந்துட்டுன்னா?" என்றேன்.

"எனக்கு இன்னைக்கு நாலெண்ணம் அறுந்துட்டு. கோழிக்கு இன்னும் எறகு இருக்கு."

சரி என்று வேரைக் குறிவைத்துக் கையை ஓங்கினேன். எறியும்போது கை தானாகவே வெட்டவெளிப் பக்கம் திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அதை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, பஞ்சு வைத்த பெட்டியில் மூடிவைத்தேன்.

கொடுத்த விலைக்குத் தகுமா என்று நண்பர்கள் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாங்கலாம். மூன்று வாரமாகிறது, ஒரு கீறல்கூட விழவில்லை.