பெயர் கூப்பிட்ட பிறகு

அன்று காலை பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்திருந்தவர்கள்: வேலையை மேற்பார்க்கும் மண்டோர், டிராக்டர் ஓட்டுபவர், உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள், நான். வராதவர்கள்: குலை வெட்டுபவர்கள் எட்டுப் பேரும். அந்த எட்டில் ஒருவர் என் அப்பா.

பத்தாங் பெர்ஜுந்தாய் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த செம்பனைத் தோட்டம் அது. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் படிவம் வரை படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் தோட்டத்து ஆள் கணக்கு எழுதும் சின்னக் கிராணி ஆனேன். விடியுமுன் களத்தில் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்புவது என் பொறுப்பு.

குலையின் காம்பை ஒட்ட நறுக்க வேண்டும் என்று தோட்டத்தை நடத்தும் துரை புதிதாக உத்தரவு போட்டிருந்தார். ஒவ்வொரு குலைக்கும் இன்னொரு வெட்டு. அதற்குக் கூலி கிடையாது. முந்தின நாள் அதை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டியவன் நான்தான்.

எட்டுப் பேரும் வரவில்லை என்று ஆபிசிலிருந்து டெலிபோனில் சொன்னேன். துரை கோபப்படவில்லை. எட்டு மணிக்கு வருவதாகவும், அதற்குள் ஆட்கள் வராவிட்டால் வெளியிலிருந்து ஒப்பந்தக் கூலிக்கு வரும் கொந்திராக் ஆட்களை இறக்கப்போவதாகவும் சொன்னார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். சைக்கிளை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன்.

எட்டுப் பேரும் குழாயடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான சித்தப்பாதான் என் காற்சட்டையைப் பார்த்து முதலில் வாயைத் திறந்தார்.

"வாங்க கிராணி. யாராச்சும் ஒரு பலகை போடுங்கப்பா, கிராணி சிலுவார் அழுக்காயிடும்."

"வெளையாட்டு இல்ல சித்தப்பா. எட்டு மணிக்குள்ள வரலன்னா கொந்திராக் ஆளுங்கள எறக்கிடுவாரு."

"எறக்கட்டும் லா. நம்ம மரத்த அண்ணாந்து பாத்தாலே அவனுங்களுக்குக் கழுத்து புடிச்சிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"வீட்ல நீ எம்மவன். பெரட்டுல கிராணி. இப்ப எதுவா வந்திருக்க?" என்றார்.

"தெரியலப்பா. வீடு போயிடும்பா. அம்மாவ எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

"காம்புக் கணக்க அப்புறம் பேசிக்கலாம். வேலைக்கு வரோம். ஆனா களத்துக்கு வரமாட்டேன்" என்றார் அப்பா.

ஏன் என்று நான் கேட்கவில்லை. பெயர் கூப்பிட்ட பிறகு வருகிறவர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, களத்து நடுவில் தனியாக நிற்க வேண்டும். கிராணி மறுபடி பெயரைச் சொன்னால்தான் அன்று வேலை. வெள்ளைக்காரன் காலத்து வழக்கம், யாரும் மாற்றவில்லை.

"பெத்த மவன் முன்னால தொப்பிய எடுத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

"நிக்க வேணாம்பா. நேரா செம்பனைக் காட்டுக்குப் போங்க. பேர நான் போட்டுக்கறேன்."

போனார்கள். தூரத்தில் குலை விழும் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

எட்டு மணிக்கு துரையின் ஜீப் வந்தது. களம் காலியாக இருந்தது. எல்லாரும் காட்டில் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். பெரட்டில் நிற்காதவன் வேலைக்கு வராதவன், அதுதான் சட்டம் என்றார். வந்து பாருங்கள், சத்தத்தையாவது கேளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் ஆபிசுக்குள் போய் டெலிபோனை எடுத்தார். மண்டோர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொந்திராக் ஆட்களின் வேன் காட்டுக்குள் வந்தபோது நானும் பின்னாலேயே ஓடினேன். குலையைத் தோளில் சுமந்து வந்த அப்பா, வேனுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினார். சித்தப்பா என்னைப் பார்த்து, "வேலைக்குத்தான வந்தோம், கிராணி?" என்று கேட்டார். இந்த முறை கிண்டல் இல்லை.

லயத்திலிருந்து யாரையும் வெளியேற்றவில்லை. அன்று வெட்டியதற்குக் கூலி இல்லை. வெட்டச் சுலபமான குட்டை மரங்கள் இருந்த காடு முழுவதும் கொந்திராக்குக்குப் போனது. நெட்டை மரங்கள்தான் எங்களவர்களுக்கு. காம்பையும் ஒட்ட நறுக்கினார்கள், சும்மாவே. அதிலிருந்து மாதச் சம்பளத்தில் ஆளுக்கு அறுபது வெள்ளி குறைந்தது.