ஸ்னாப்ஷாட்டில் வராத ஆல்பம்

வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாதம். வங்காளத்தில், கரியாஹாட் பகுதியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் சர்வர் என் பொறுப்பு. ஸ்டூடியோ நடத்தும் சேகர் அண்ணன் தமிழர்தான், திட்டுவது மட்டும் வங்காள மொழியில்.

அன்று அப்டேட் போட்டதும் சர்வர் மக்கர் செய்தது. அப்டேட்டுக்கு முன்னாலேயே ஸ்னாப்ஷாட், அதாவது சர்வர் அப்போது இருந்தபடியே ஒரு பதிவு, எடுத்திருந்ததால் பயமில்லை. சர்வரை அந்தப் பழைய நிலைக்குத் திருப்பினேன். சர்வர் எழுந்தது.

"ஆச்சுண்ணே."

"என்னடா ஆச்சு? கல்யாண ஆல்பம் ஃபோல்டர் காலியா கெடக்கு!"

உள்ளே ஒரு படம்கூட இல்லை. கேமரா கார்டை அண்ணன் ஏற்கெனவே ஃபார்மேட் செய்திருந்தார். வேறு காப்பி கிடையாது.

"அந்தக் கல்யாணப் பொண்ணு சாயங்காலம் வரும்டா. அவங்க அப்பா ஆஸ்பத்திரியில, கல்யாணத்தையே பாக்கல. அவருக்குக் காட்டத்தான் கேட்டுச்சு. நான் என்னன்னு சொல்வேன்?"

நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன். சற்றுமுன்தான், அப்டேட்டில் கெட்டுப்போன பழைய சப்வால்யூமை, அதாவது டிஸ்கில் தனியாகப் பிரித்த பகுதியை, டெலிட் செய்யப் பார்த்திருந்தேன். காலியாக இல்லை என்று சர்வர் மறுத்துவிட்டது. எரிச்சலில், உள்ளே இருப்பதை முதலில் அழிக்கலாம் என்று கமாண்டை டைப் செய்தும் வைத்திருந்தேன். என்டர் தட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்த வரியை அழித்துவிட்டு, சப்வால்யூம் பட்டியலை எடுத்தேன். ஆல்பம் தனி நம்பரோடு நின்றது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் அதைத் தனி சப்வால்யூமாகப் போட்டிருக்கிறார். பார்த்தால் ஃபோல்டர் மாதிரியே இருக்கும். ஆனால் மேலே உள்ள சப்வால்யூமை ஸ்னாப்ஷாட் எடுத்தால், உள்ளே இருக்கும் சப்வால்யூம் அதில் வராது; காலி ஃபோல்டர்தான் நிற்கும்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். புரியாத வார்த்தைக்குப் பக்கத்தில் தெரிந்த வார்த்தையை எழுதி மனப்பாடம் செய்வேன். சப்வால்யூம் என்றால் ஃபோல்டர், ஸ்னாப்ஷாட் என்றால் முழு காப்பி. பரீட்சைக்கு அது போதுமானதாக இருந்தது.

படங்கள் பழைய சப்வால்யூமுக்குள் பத்திரமாக இருந்தன. ஆல்பத்தை அப்படியே, ஸ்னாப்ஷாட்டிலிருந்து வந்த புதியதற்குள் நகர்த்தினேன். திரையில் மணமகளின் நெற்றிச் சந்தனப் புள்ளிகள் தெரிந்தன. நான் அழிக்கப் பார்த்ததையும் அண்ணனிடம் சொன்னேன்.

"பாகோல்!" என்றார், பைத்தியக்காரன் என்று வங்காளத்தில். நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "சரி, உக்காரு, டீ குடி. இன்னொரு காப்பி வெளி டிஸ்க்ல போட்டுட்டு அப்புறம் கெளம்பு."

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு வார்த்தை சரியாகப் புரியவில்லையா, வெறும் டெஸ்ட் டிஸ்க் ஒன்றில் செய்து பாருங்கள். அங்கே எது காணாமல் போனாலும் யாரும் அழமாட்டார்கள்.