சித்தையன் மொழிபெயர்த்த எம்.எல்.ஏ.

வக்கீல் பசவராஜ் எண்பத்தொன்பது தேர்தலில் தோற்றதற்கு எங்கள் காலனிதான் காரணம் என்று அவருடைய கட்சிக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் தெருக்களில் எல்லாரும் தமிழர்கள். கட்டட வேலை, ஃபாக்டரி வேலை, வீட்டு வேலை என்று பிழைக்க வந்தவர்கள். பசவராஜ் வந்தார், மேடையேறி நெடுநேரம் கன்னடத்தில் பேசினார், கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எங்களுக்குத் தெரிந்தது கடைத்தெருக் கன்னடம். அவர் பேசியது காலேஜ் கன்னடம். அதில் தக்காளியும் வரவில்லை, பஸ்ஸும் வரவில்லை. கூட்டம் கலையும்போது மேட்டுத் தெரு பொன்னம்மா, "பாவம், அவங்க வீட்டுல யாரோ செத்துப்போயிட்டாங்க போல. ரொம்ப உருக்கமாப் பேசினாரு" என்றாள்.

ஆகவே தொண்ணூற்று நாலில் மறுபடியும் நின்றபோது, பேசுவதைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் சித்தையனைக் கைகாட்டினோம்.

சித்தையன் தமிழ்நாட்டு எல்லையோரம் கோபிநத்தம் பக்கத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தவர். சின்ன வயதிலேயே மைசூருக்கு வந்து ஃபாக்டரியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். உள்ளே மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அதனாலோ என்னவோ, வெளியே வந்துவிட்டால் அவருக்குப் பேச்சு நிற்காது. மாரியம்மன் திருவிழாவில் மைக் அவர் கையில்தான் இருக்கும். தொலைந்துபோன பிள்ளையைப் பற்றி அறிவிப்பதென்றால்கூட, பிள்ளையின் சமர்த்து, அதன் தாய்மாமனின் தாராள மனசு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் சட்டை என்ன நிறம் என்பதற்கு வருவார். அதற்குள் பிள்ளை தானாகவே வந்துவிடும்.

முதல் கூட்டத்துக்குக் கிளம்பும்போது அவர் மனைவி மல்லம்மா, "அவரு சொல்றத மட்டும் சொல்லிப்போட்டு வாங்க. நீங்களாச் சேத்தாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

"அட, நானென்ன சொந்தமாவா பேசப் போறேன்? அவரு வாயி, நான் ஸ்பீக்கரு. அவ்வளவுதான்" என்றார் சித்தையன்.

அன்று சாயங்காலம் பசவராஜ் எடுத்த எடுப்பிலேயே தனக்கு மிகவும் பிடித்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார். அதிகாரப் பரவலாக்கம் இல்லாமல் சமூக நீதி இல்லை என்று அதற்கு அர்த்தம். "அதிகார விகேந்திரீகரண" என்ற இடத்தில் குரலை உயர்த்தி, கையை வானத்துக்கு நீட்டி, நிறுத்தினார். சித்தையன் அதை அப்படியே தமிழில் சொன்னார். கூட்டம் அசையவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். முன்வரிசையில் இரண்டு பெண்கள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு மௌனத்தைச் சித்தையன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. தாங்க முடியவில்லை. "அதாவது," என்று ஆரம்பித்தார், "மேட்டுத் தெருவுல தண்ணி இல்லாம நீங்க குடத்தத் தூக்கிக்கிட்டு அலையறீங்கன்னு ஐயாவுக்குத் தெரியுமுங்க. அவரு ஜெயிச்சா உங்க தெருவுக்குக் குழாய் வரும்!"

எழுந்த பெண்கள் உட்கார்ந்தார்கள். கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை.

பசவராஜுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. இருபது வருஷமாக அந்த வாக்கியத்தைச் சொல்லிவருகிறார். ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறார். ஒருநாளும் யாரும் தட்டியதில்லை. கடைசியில் அதன் அருமையைக் கண்டுகொண்டவர்கள் தமிழர்கள்தான் என்று காரில் போகும்போது கூட வந்தவர்களிடம் சொன்னாராம். மறுநாள் அடுத்த தெருவில் அதையே இன்னும் உருக்கமாகச் சொன்னார். சித்தையன் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு டவுன் பஸ் விட்டார். அதற்கடுத்த நாள் அதே வாக்கியம் மயானத்துக்குச் சுற்றுச்சுவரானது. பிரசாரத்தின் கடைசி நாளில் பசவராஜ் வாக்கியத்தை இரண்டு தடவை சொல்லிவிட்டார். சித்தையனிடம் கைவசம் வேறு எதுவும் மிச்சமில்லை. "கல்யாண மண்டபம்!" என்று கத்தினார். அதுவும் போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, "அண்டா குண்டாவோட!" என்றார்.

கூட்டத்தில் பாதிப் பேருக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துதான் இருந்தது. காலேஜ் கன்னடம் தெரியாவிட்டாலும் அதில் அண்டா இல்லை என்பது யாருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. குழாய் வருகிறேன் என்கிறபோது நாம் எதற்கு மறிக்க வேண்டும்?

பசவராஜ் ஜெயித்தார். எங்கள் காலனிப் பெட்டிகளைத் திறந்த பிறகுதான் ஜெயித்தார்.

பதவியேற்று வந்த சில நாளில் பொன்னம்மா தலைமையில் ஒரு பெண்கள் கூட்டம் காலிக் குடங்களோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றது. பின்னாலேயே பஸ் கேட்டு ஃபாக்டரிக்காரர்கள். எம்.எல்.ஏ.வுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தக் குழாய், எந்த பஸ் என்று கேட்டார். "மைக்கில சொன்னீங்களே சாமி! கைய மேல தூக்கிச் சொன்னீங்களே!" என்று பொன்னம்மா அவர் மாதிரியே கையை வானத்துக்கு நீட்டிக் காட்டினாள்.

சித்தையனைக் கூட்டி வரச் சொல்லி கார் வந்தது. ஃபாக்டரிச் சட்டையோடு போய் நின்றார். பேச்சு முழுக்கக் கன்னடத்தில்தான்.

"ஏனப்பா, நான் என்ன சொன்னேன், நீ என்ன சொன்னாய்?"

சித்தையன் மறைக்கவில்லை. குழாயில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அண்டா வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்க சொன்னத அப்படியே சொன்னேன் சார், மொத நாள். எல்லாரும் எந்திரிச்சாங்க. உங்களுக்கு மரியாதைக் குறைவாப் போயிருமேன்னு..."

பசவராஜ் மெதுவாகக் கேட்டார். "அப்படியானால் அந்தக் கைதட்டல்?"

"குழாய்க்குங்க சார்."

"மூன்றாம் நாள் விசில் அடித்தார்களே?"

"அது சுடுகாட்டுச் சுவருக்கு."

"என் வாக்கியத்துக்கு ஒரு கைதட்டல்கூட இல்லையா?"

அவருடைய முகத்தைப் பார்த்தபோது, வாக்குறுதிகளைவிட இதுதான் அவருக்கு வலிக்கிறது என்று சித்தையனுக்குத் தெரிந்துவிட்டது. "ஒருத்தர் தட்டினாரு சார்" என்றார். பொய்தான். ஆனாலும் பசவராஜ் கொஞ்சம் தேறினார்.

நான் சொல்லவில்லை என்று அவர் கையை விரிக்கவும் முடியாது. தன் கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்றே தெரியாத எம்.எல்.ஏ. என்று எதிர்க்கட்சிக்காரர்கள் ஊரெல்லாம் சிரிப்பார்கள். வேறு வழியில்லாமல் வேலையில் இறங்கினார். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதில், மேட்டுத் தெருவுக்குக் குழாய் வந்தது. காலை பஸ் வந்தது. சுவர் எழுந்தது. கல்யாண மண்டபம் என்று தகரக் கூரை போட்ட ஒன்றும் வந்தது. அண்டாக்களை அவர் தன் கைக்காசில் வாங்கிக் கொடுத்தார் என்று பேச்சு.

குழாய்த் திறப்பு விழாவுக்கு அவர் உஷாராகவே வந்தார். சாமராஜநகரிலிருந்து தமிழ் தெரிந்த சுரேந்தர் என்ற பையனை உதவியாளராகச் சேர்த்திருந்தார். "ஒரு வார்த்தை கூடினாலும் என்னிடம் சொல்" என்று அவனைச் சித்தையன் பக்கத்திலேயே நிற்கவைத்தார். சித்தையன் சொன்னதை மட்டும் சொன்னார். கூட்டம் தண்ணீர் வருகிறதா என்று குழாயையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த எம்.எல்.ஏ., மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "ஸ்வல்ப ஏனாதரு சேரிஸப்பா" என்றார். கொஞ்சம் ஏதாவது சேர்த்துக்கொள் என்று அர்த்தம். சுரேந்தர் கண்ணியமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

தொண்ணூற்று ஒன்பதில் மறுபடி தேர்தல் வந்தபோது, இந்த முறை தமிழில் நானே பேசுகிறேன் என்று பசவராஜ் முடிவெடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தையன் அவர் வீட்டுக்குப் போய் சொல்லிக்கொடுத்தார். ஒரு வக்கீல் திக்கித் திணறுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று வந்து மல்லம்மாவிடம் சொல்வார்.

"இப்பவாச்சும் உங்க வாயி கொஞ்சம் ஓயும்" என்றாள் மல்லம்மா.

ஓயவில்லை. முதல் கூட்டத்தில் பசவராஜ் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். "என் அன்பான தாய்மார்களே" என்றதுமே ஒரே ஆரவாரம். அந்த உற்சாகத்தில் கைகூப்பிக்கொண்டு, "எனக்கு உங்க ஓட்டு வேண்டாம்!" என்று முழங்கினார்.

வேண்டும் என்று சொல்ல வந்தவர். இரண்டும் ஒரே மாதிரி ஆரம்பிப்பதில் நாக்கு வழுக்கிவிட்டது. காலனி வாயடைத்துப்போனது. அவரோ யாருக்கும் காது கேட்கவில்லை என்று நினைத்து, இன்னும் உரக்க, "வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!" என்றார்.

சித்தையன் கீழே நின்றுகொண்டிருந்தார். பாய்ந்து மேடையேறி மைக்கைப் பிடித்தார். தமிழைத் தமிழில் மொழிபெயர்த்த ஆள் எங்களுக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

"ஐயா என்ன சொல்றாருன்னா, ஓட்டுக்காக நான் வரலை, ஓட்டே வேண்டாம், உங்க முகத்தப் பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேங்கிறாரு!"

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பொன்னம்மா, "அதெப்படி வேண்டாம்னு சொல்லுவீங்க? போட்டே தீருவோம்!" என்று எழுந்து நின்று கத்தினாள். பசவராஜ் மகிழ்ந்துபோய் எல்லாத் தெருவிலும் வேண்டாம் என்றே சொன்னார். யாரும் திருத்தவில்லை.

எங்கள் பெட்டிகளில் அவருக்கு விழுந்த அளவு ஓட்டு அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் விழுந்ததில்லை. ஆனால் தொகுதியில் தோற்றுப்போனார். காலனிக்கே எல்லாம் செய்தார், எங்களுக்கு என்ன செய்தார் என்று மற்ற பக்கத்துக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சித்தையன் மாதிரி ஓர் ஆள் இல்லை.

புதிதாக ஜெயித்தவரின் ஆட்கள் நன்றிக் கூட்டத்துக்கு மொழிபெயர்க்கச் சித்தையனைக் கேட்டு வந்தார்கள். மாலையும் வாங்கி வந்திருந்தார்கள். போகமாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போனார். புது எம்.எல்.ஏ. பேச்சில் சிக்கனமானவர். "எல்லரிகூ நமஸ்கார, தும்ப தன்யவாத" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மைக் சித்தையன் கைக்கு வந்தது. காலனி மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. சாக்கடை, ரேஷன் கடை, தெருவிளக்கு என்று அவரவர் மனசில் ஒன்று இருந்தது.

"என்ன சொன்னாரு?" என்று பொன்னம்மா ஆவலாகக் கேட்டாள்.

சித்தையன் புது எம்.எல்.ஏ.வைப் பார்த்தார். அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் தலையில் எதைக் கட்டினாலும் இவர் சுமக்கமாட்டார் என்று அந்த ஒரு நொடியில் சித்தையனுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நன்றின்னாரு" என்றார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதானுங்க."

மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார். மேட்டுத் தெருக்காரர்கள் அவரோடு ஒரு மாசம் பேசவில்லை. அன்று ராத்திரி அவர் வீட்டுக்கு வந்து, மல்லம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, காலை ஷிஃப்டுக்கு அலாரம் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.