வண்டலில் வளர்ந்த கிரனாஷ்

கிரனாஷ் என்ற திராட்சையின் ஒயினை நான் முதன்முதலில் ருசித்தது ராசிபுரத்துக்குப் பக்கத்தில், என் மைத்துனன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், காலை பதினொரு மணிக்கு, டீ குடிக்கும் கண்ணாடித் தம்ளரில்.

மேசைமேல் இரண்டு பாட்டில்கள், இரண்டும் கிரனாஷ். ஒன்று, பிரான்சின் தெற்கே வேலை பார்க்கும் அவன் மகள் விடுமுறைக்கு வரும்போது சேலையில் சுற்றிக் கொண்டுவந்தது. மற்றது, மைத்துனன் தோட்டத்துப் பழத்தில் கர்நாடகத்து ஒயின் ஆலை ஒன்று சோதனையாகச் செய்து கொடுத்தது. மாநில எல்லையைத் தாண்டி எத்தனை பாட்டில் கொண்டுவரலாம் என்ற விதி எனக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஒயின் சரியாக வந்தால் வருடாவருடம் பழத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த ஆலை, பாட்டிலோடு 'வேண்டாம்' என்று ஒரு வரியும் அனுப்பியிருந்தது. மூன்று வருடம் வளர்த்த இரண்டு ஏக்கர் கொடியை வைத்திருப்பதா, பிடுங்குவதா? சொல்ல வேண்டியவன் நான். தோட்டக்கலைத் துறையில் முப்பது வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்ற ஒருவனே வீட்டு மாப்பிள்ளையாக இருந்தால் வேறு யாரைக் கேட்பார்கள்?

முதலில் பிரான்சு பாட்டில். நான் கருஞ்சிவப்பை எதிர்பார்த்தேன். மாதுளைச் சாற்றின் நிறம்தான் இருந்தது. வாயில் வைத்ததும் கனிந்த பழத்தின் வாசனை, அதன் பின்னால் மிளகு, காய்ந்த தழை, தொண்டையில் இறங்கும் சூடு. அடுத்தது நம்முடையது. ரசம் குடித்த தம்ளரை அலசிய தண்ணீர் போல் இருந்தது. நாக்கின் ஓரத்தில் பச்சைக் காம்பின் கசப்பு மட்டும் நின்றது.

"இந்தக் கொடியப் பட்டினி போடணும் மாமா," என்றாள் மகள். "அங்க கூழாங்கல்லுக்குள்ள நட்டிருக்காங்க, மண்ணே கண்ணுல படாது. மழை கம்மி, காத்து ஓயாது. அதனால பழம் சிறுசா, தோலு கெட்டியா வருது. சத்தக் குடுத்தா எலையாத் தள்ளும், பழத்துல தண்ணி கோத்துக்கும்." அப்பன் பக்கம் திரும்பினாள். "நம்மளதும் கல்லாங்காடுதானேப்பா? கல்லெல்லாம் எங்க போச்சு?"

மைத்துனனுக்குப் பெருமை தாங்கவில்லை. "அத ஏன் கேக்கற சாமி! பத்துப் பொம்பளையாளுங்க ஒரு மாசம் பொறுக்குனாங்க. அப்புறம் மாமா தாலுகா ஆபீஸ்ல ஆர்டர் வாங்கிக் குடுத்தாரு. ஏரி வண்டல் டிப்பர் டிப்பரா கொட்டுனோம். மேல கோழி எரு. இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் ஊட்டுக் கொடியாச்சும் நம்ம கொடியாட்டத் தழைச்சுதான்னு கேட்டுப் பாரு!"

வண்டல் எடுக்க மனு, சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் சான்று, வரைபடம். மற்றவர்கள் மாதக்கணக்கில் அலையும் உத்தரவை நான் ஒன்பது நாளில் வாங்கினேன். எரு அட்டவணையும் என்னுடையதுதான். சாப்பிடும் திராட்சைக்கான துறைக் கையேட்டைப் பார்த்து எழுதி, மோட்டார் அறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஒயின் திராட்சைக்கு அது பொருந்துமா என்று விசாரிக்கவில்லை. கையில் இருக்கும் கையேட்டைப் பின்பற்றுவதே முறை.

மகள் என்னையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பிடுங்க வேண்டாம்ப்பா," என்றாள். "எருவ நிறுத்து. தண்ணியப் பாதியாக் கொறை. ரெண்டு வருசம் பாக்கலாம்."

"ஏனுங்க மாமா, நீங்க சொல்லுங்க," என்றான் மைத்துனன். "நம்ம மண்ணுக்கு ஆகாதுங்களா?"

இரண்டு வருடம் பட்டினி கிடந்து கொடி நல்ல பழம் கொடுத்துவிட்டால், அதைக் கெடுத்தது யார் என்று பங்காளி வீடுகள் வரை தெரிந்துபோகும்.

"ஆகாது," என்றேன். "இங்க ராத்திரியிலயும் சூடு எறங்காது. பழத்துல புளிப்பு நிக்காது. எடுத்துரு."

சொன்ன காரணம் பொய்யல்ல, பாதி உண்மை. முப்பது வருடம் அப்படித்தான் பதில் எழுதினேன்.

"நெசமாத்தான் சொல்றீங்களா மாமா?" என்றாள் மகள்.

"சர்வீசுல எத்தனையோ தோட்டம் பாத்தாச்சு, சாமி."

அவள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அந்த வாரமே பிரான்சுக்குத் திரும்பிவிட்டாள்.

அடுத்த மாதம் ஜேசிபி வந்தது. நானும் வரப்பில் நின்றேன். கொடிகளுக்கு அது தேவைப்படவே இல்லை, இழுத்ததும் கையோடு வந்தன. வேரெல்லாம் மேலாக, வண்டலுக்குள்ளேயே பாய் விரித்தாற்போல் பக்கவாட்டில் ஓடியிருந்தன. அடியில் இருந்த சரளைக்குள் ஒன்றுகூட இறங்கவில்லை.

மைத்துனன் ஒரு கொடியைத் தூக்கி என் முன்னால் பிடித்தான்.

"நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க மாமா. பாருங்க, வேரே எறங்கல. நம்ம மண்ணுக்கு ஆகலீங்க."

"ஆமாம்," என்றேன்.